டெல்டாவிலிருந்து தார் பாலைக்கு: ஜெய்சல்மேர் பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தஞ்சாவூர் மாவட்டம் முழுவதையும் ஒரு காட்டுத்துறை எல்லைக்குள் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் பாலைவனத் தேசியப் பூங்கா அதைவிடக் கொஞ்சம்தான் சின்னது, 3,162 சதுர கிலோமீட்டர். முதுமலை மாதிரி ஒரு வாசல், ஒரு சீட்டுக் கவுண்டர், வரிசையில் நிற்கும் வண்டி என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பேர்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி அது இன்னும் வனவிலங்குச் சரணாலயம். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. ஆடு மேய்கிறது, ஒட்டகம் மேய்கிறது, மழை பெய்தால் கம்பு விதைக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் உலகத்தில் 150-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் கானமயில் என்ற பெரிய பறவை நடமாடுகிறது.

முதல்முறை போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு ஒன்று உண்டு. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேட்டுக்குப் போவார்கள், ஒட்டகத்தில் ஏறிப் படம் எடுப்பார்கள், இரவு கூடாரத்தில் பாட்டுக் கேட்டுவிட்டு, பூங்காவைப் பார்த்தாயிற்று என்று ஊர் திரும்பிவிடுவார்கள். மணல்மேடு பூங்காவில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் சரளைத் தரை, பாறைத் தரை, வற்றிய உப்புப் படுகை, இவற்றோடு சேவன் என்ற புல் முட்டிவரை வளர்ந்து நிற்கும் வெளி. விலங்கும் பறவையும் இருப்பது அந்தப் புல்வெளியில். மலையும் காடும் பார்த்துப் பழகியவர்களுக்கு அது வெறும் பொட்டலாகத் தெரியும். வரப்பில் நின்று நாலு வயல் தாண்டி உட்கார்ந்திருக்கும் கொக்கை அடையாளம் சொல்லிப் பழகிய டெல்டாக்காரர்களுக்கு அப்படித் தெரியாது. தட்டையான நிலத்தைப் படிக்கத் தெரிந்த கண் இந்தப் பூங்காவுக்கு மிகவும் உதவும்.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. ஏப்ரலுக்கு மேல் 40 டிகிரியைத் தாண்டும், மே ஜூனில் புழுதிப் புயல் அடிக்கும்.

விவசாயக் குடும்பங்களுக்கு நவம்பரும் டிசம்பரும் சரிப்படாது. அப்போது இங்கே மழைக்காலம், சம்பா வயலில் தண்ணீர் வடிக்க ஆள் வேண்டும். தை அறுவடை முடிந்து, தாளில் உளுந்து பயறு முளைத்து நிற்கும் மாசி மாதம்தான் தோது. பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரைக்கும் அங்கே பகல் இதமாக இருக்கும், இரவுக் குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும், குளிர்காலப் பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. இன்னொரு லாபமும் உண்டு. குளிர் முழுக்க வளைக்குள் கிடக்கும் முள்வால் பல்லி பிப்ரவரிக் கடைசியில் வெயில் காய வெளியே வரத் தொடங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வடக்கே மாக மாதப் பௌர்ணமி என்று சொல்லும் நாளை ஒட்டி, பெரும்பாலும் பிப்ரவரியில், ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும். அந்த மூன்று நாள்களில் அறை வாடகை ஏறிவிடும், வண்டி கிடைக்காது. அதற்கு முன்னால் போங்கள், அல்லது முடிந்து இரண்டு நாள் கழித்துப் போங்கள்.

போகும் வழி

டெல்டாவுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மன்னார்குடியிலிருந்து பகத் கி கோத்திக்கு வாரம் ஒருமுறை நேர் ரயில் போகிறது. பகத் கி கோத்தி ஜோத்பூரை ஒட்டிய நிலையம். கிளம்பும் கிழமையை முன்பதிவுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, திறந்த அன்றே பதிந்துவிடுவது நல்லது. அந்த ரயில் ஒத்துவராதவர்கள் சென்னை போய் ஜோத்பூர் வண்டியைப் பிடிக்கலாம். விமானத்தில் போகிறவர்களுக்கும் ஜோத்பூர்தான் நம்பகம். ஜெய்சல்மேர் விமான நிலையத்தில் சேவை பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் 300 கிலோமீட்டருக்குள். ரயிலிலோ பேருந்திலோ ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். ஊரிலிருந்து இரண்டு மூன்று நாள் ரயிலில் கிடந்த உடம்போடு நேராகப் போய் இறங்காதீர்கள். ஜோத்பூரில் ஒரு இரவு தங்கித் தூங்கிவிட்டுப் போனால் பாலையில் முதல் நாள் வீணாகாது.

கிளம்பும் முன் ஒரு நாள் கோடியக்கரை

இதை யாரும் செய்வதில்லை, செய்தால் மிகவும் பயன்படும். இருநோக்கியை (பைனாகுலர்) முதல்முறையாக ஜெய்சல்மேரில் போய்த் திறப்பவர்கள் பாதிப் பறவையைத் தவறவிடுவார்கள். கண்ணால் ஒரு பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமலேயே இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்துவது ஒரு பழக்கம். அது வர ஒரு நாளாவது வேண்டும். கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமான் கூட்டத்தை வைத்தும், வேதாரண்யம் சதுப்பில் பூநாரைகளை வைத்தும் பழகுங்கள். 8×42 அளவு இருநோக்கி போதும். 10×42 இன்னும் நெருக்கிக் காட்டும், ஆனால் கை நடுங்கினால் படம் ஆடும். இதைவிடச் சின்ன இருநோக்கி காலை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும்.

அன்றே வேதாரண்யம் கோயிலின் தல மரமான வன்னியையும் நன்றாகப் பார்த்துவையுங்கள். இலை, முள், பட்டை மூன்றையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போனதும் வயல் நடுவில், ஊர் ஓரத்தில், மணல் நடுவில் அதே மரம் நிற்கும். கேஜ்ரி என்பார்கள், ராஜஸ்தானின் மாநில மரம். அதன் காய் அவர்களுக்குக் கறி, இலை ஆட்டுக்குத் தீனி. ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி என்ற ஊரில் 1730-இல் இந்த மரங்களை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பேர் உயிர்விட்டார்கள். நாம் சுற்றி வந்து கும்பிடும் மரத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. அந்த மரத்தில் வண்டியைச் சாய்ப்பதோ, கிளையை ஒடித்து நெருப்பு மூட்டுவதோ வேண்டாம்.

தண்ணீர்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டுமுறை படியுங்கள்.

நம் ஊர் வெயில் ஈர வெயில். வியர்த்தால் சட்டை நனையும், முதுகில் ஒட்டும், உடனே தண்ணீர் தேடுவோம். சட்டை நனைவதைத்தான் உடம்பு நமக்கு அடையாளமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பாலையில் காற்று காய்ந்து கிடப்பதால் வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். நமக்கு வியர்க்கவே இல்லை என்று தோன்றும், ஆனால் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். குளிர்காலமாக இருப்பதால் தாகமும் எடுக்காது. பிற்பகலில் தலை வலிக்கும், எரிச்சல் வரும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அப்போது இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் வயிறு புரட்டுமே தவிர உடனே தீராது.

அதனால் தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு சிறு தம்ளர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 5 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நாலு பேர் ஒரு வண்டியில் போனால் 20 லிட்டர் கேன் ஒன்று, அதற்கு மேல் வண்டி பழுதானால் என்று தொடாமல் வைக்க இன்னொரு 10 லிட்டர். கேனோடு ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலும் கையில் இருக்க வேண்டும். கேன் டிக்கியில் இருந்தால் யாரும் எடுத்துக் குடிக்க மாட்டார்கள், அதுதான் நடக்கும். சரியாகக் குடிக்கிறோமா என்று பார்க்கச் சிறுநீரின் நிறமே போதும். வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. தேன் நிறமாகிவிட்டால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வெயிலில் இறங்காதீர்கள், சிறுகச் சிறுகக் குடியுங்கள்.

ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு ஐந்தாறு எடுத்துப்போங்கள், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலக்குங்கள். உப்பைக் கூட்டிவிடாதீர்கள், கூடினால் கேடு. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் கிளம்பும் முன் தங்கள் மருத்துவரிடம் இதைப்பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அங்கே வீட்டு வாசலிலோ மேய்ச்சல் நிலத்திலோ தரைக்கு அடியில் கட்டிய தொட்டி இருக்கும், டாங்கா என்பார்கள். சுற்றிலும் சரிவாகத் தரை இழைத்து, எப்போதோ பெய்கிற மழையை அதில் இறக்கி வைத்திருப்பார்கள். ஜெய்சல்மேரில் ஆண்டு முழுக்கப் பெய்வது 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. நாகப்பட்டினத்தில் ஒரு புயல் மழை ஒரே நாளில் அதைக் கொட்டிவிட்டுப் போகும். அந்தத் தொட்டியைச் சுற்றிய சரிவில் செருப்போடு நடக்காதீர்கள், கை கழுவாதீர்கள், கேட்காமல் மொள்ளாதீர்கள். ஆறும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த நமக்குக் கை தானாகப் போகும், பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

குளிரும் உடையும்

டெல்டாவில் மார்கழிப் பனியைத்தான் குளிர் என்கிறோம். ஜெய்சல்மேரில் ஜனவரி இரவு 7, 8 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். அதே நாள் பகல் 24 டிகிரி அடிக்கும். விடியலில் திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அறையும்போது குளிர் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரே கனமான கம்பளிச் சட்டைக்குப் பதில் அடுக்கடுக்காகப் போடுங்கள்: உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், கடைசியாகக் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். பத்து மணிக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவீர்கள். காதை மூடும் குல்லாவும் கையுறையும் காலைக்கு, அகல விளிம்புத் தொப்பி பகலுக்கு.

நிறம் மண்ணோடு போகட்டும். காக்கி, பழுப்பு, வெளிறிய பச்சை நல்லவை. வெள்ளை வேட்டியும் சிவப்புச் சேலையும் புல்வெளியில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும். துணியின் நெசவையும் பாருங்கள். நம் ஒட்டுப்புல், நாயுருவி மாதிரி அங்கே ஒரு முள்விதைப் புல் உண்டு. கம்பளிக் காலுறையிலும் பின்னல் துணியிலும் பிடித்தால் ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டும், விரலில் ஏறினால் வலி. வழுவழுப்பான துணியில் முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ இரண்டும் கட்டாயம்.

உதட்டு வெடிப்புக்கும் கைகால் வறட்சிக்கும் தேங்காய் எண்ணெய் எடுத்துப்போகிறவர்கள் ஏமாறுவார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். வாசலின் டப்பா ஒன்றும் நல்லெண்ணெய் கொஞ்சமும் எடுங்கள். காற்றின் வறட்சியில் இரண்டாம் நாள் மூக்கில் ரத்தம் கசிவது சிலருக்கு வரும். இரவு படுக்கும் முன் மூக்கின் உள்விளிம்பில் மெல்லிசாக வாசலின் தடவினால் பெரும்பாலும் வராது.

அனுமதியும் வண்டியும்

ஜெய்சல்மேர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, ஊரிலேயே இருக்கும் பாலைவனத் தேசியப் பூங்கா வனத்துறை அலுவலகத்துக்குப் போவது. சுதாசரி போன்ற வேலி போட்ட அடைப்புப் புல்வெளிக்குள் போக அங்கேதான் அனுமதி கேட்க வேண்டும். மூல ஆதார் அட்டையோ வாக்காளர் அட்டையோ எல்லார் கையிலும் இருக்கட்டும், நகல் இரண்டு. அது அரசு அலுவலகம், சனி ஞாயிறில் போய்ச் சேர்ந்தால் இரண்டு நாள் போகும். வெள்ளி மாலையோ சனியோ வந்து சேர்ந்து மாட்டிக்கொள்ளாமல், திங்கள் செவ்வாயில் சேரும்படி பயணத்தை அமையுங்கள். கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், அங்கேயே கேட்பதுதான் சரி. வெளிநாட்டில் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் கூட வந்தால் அவருக்கு எல்லைப் பகுதி விதிகள் வேறு, முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பாகிஸ்தான் எல்லை பக்கம். ட்ரோன் கொண்டுபோகவே கூடாது, ராணுவ வண்டியையும் காவல் கோபுரத்தையும் படம் எடுக்கக் கூடாது.

வண்டியை ஜெய்சல்மேரிலேயே ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: கோடாவணை எவ்வளவு பக்கத்தில் காட்டுவீர்கள்? கானமயிலுக்கு அங்கே அதுதான் பெயர். ரொம்பப் பக்கத்தில், வண்டியை ஓட்டி அதன்முன் நிறுத்துகிறேன் என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். தூரத்தில்தான் தெரியும், காத்திருந்தால் பார்க்கலாம் என்று சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம், நடுவில் உட்காருபவர் ஒன்றும் பார்க்க மாட்டார். மாற்று டயர் இரண்டு, மண்வெட்டி, இழுக்கும் கயிறு, காற்றடிக்கும் பம்பு இருக்கிறதா என்று கிளம்பும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வண்டி மணலில் புதைந்தால் நம் ஊர் சேற்றில் புதைந்த டிராக்டரைக் கிளப்புகிற மாதிரி முடுக்கிப் பார்ப்பார்கள். முடுக்க முடுக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டி, அடித்தட்டு மணலில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் தள்ளியும் பயனில்லை. சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கியதும் நிறுத்துங்கள். எல்லாரும் இறங்குங்கள். நாலு சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரி, சரிவாக வழி விடுங்கள். டயர் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். காற்று குறைந்த டயர் அகலமாகப் படர்ந்து, நடவு வயலில் பலகை போட்டு நிற்பது மாதிரி எடையைப் பரப்பிவிடும். கால்மிதியையோ சாக்கையோ சக்கரத்தின் கீழ் செருகி, முடிந்தவரை வந்த தடத்திலேயே மெல்லப் பின்னுக்கு எடுங்கள். கெட்டித் தரைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றுங்கள், குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஏற்கெனவே இருக்கும் தடத்தை விட்டு வண்டி விலகக் கூடாது. கானமயில், ஆட்காட்டி எல்லாம் கூடு கட்டாமல் வெறும் தரையில் முட்டையிடுகிறவை, வானம்பாடியும் தரையில்தான் கூடு கட்டும். கானமயில் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதான் இடும். அது ஒரு சக்கரத்தடியில் போனால் அந்த ஆண்டுக்கு அந்தப் பறவைக்கு வாரிசு இல்லை.

சுதாசரியில் ஒரு காலை

சுதாசரி ஜெய்சல்மேரிலிருந்து 60 கிலோமீட்டர் சுமாரில், சாம் தாண்டி இருக்கிறது. வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்து வைத்த புல்வெளி. கானமயில் பார்க்க நல்ல இடம் இதுதான்.

நேரக் கணக்கை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே தை மாதம் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழுந்துவிடும். ஜெய்சல்மேர் வெகுதூரம் மேற்கே இருப்பதால் ஜனவரியில் சூரியன் ஏழரை மணி வாக்கில்தான் எழும், பிப்ரவரி நடுவில் ஏழே கால். அதனால் ஊரிலிருந்து ஐந்தே முக்கால், ஆறுக்குக் கிளம்பினால் விடியும்போது அடைப்பு வாசலில் இருக்கலாம். ஏழரையிலிருந்து பத்து வரை நல்ல நேரம். பத்துக்குமேல் தரை சூடேறிக் கானல் ஓடத் தொடங்கும். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் தூரத்தில் நிற்கும் பறவை தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி அலையும். அந்த நேரத்தில் படம் எடுக்க முயன்று கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை. நிழலில் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, நாலு மணிக்குத் திரும்ப வாருங்கள்.

முதலில் வண்டியை ஒரு உயரமான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். இறங்காதீர்கள். வண்டி நின்றால் பறவைகள் அதைப் பாறை மாதிரி எடுத்துக்கொள்ளும், இரண்டு காலில் நடக்கும் மனிதனைக் கண்டால் நகர்ந்துவிடும். கண்ணில் இருநோக்கியை வைத்து, நாற்றங்காலில் களை பார்க்கிற மாதிரி இடமிருந்து வலமாக ஒரு வரி, பிறகு கொஞ்சம் தள்ளி வலமிருந்து இடமாக ஒரு வரி என்று புல்வெளியை மெதுவாக ஓட்டுங்கள். புல்லின் மேல் ஒரு வெள்ளைக் கம்பு நட்டமாக நிற்பது மாதிரி தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். கானமயில் ஒரு மீட்டர் உயரம், ஆண் 15 கிலோ வரை எடை. வெள்ளைக் கழுத்து, கறுப்பு உச்சி, பழுப்பு உடம்பு. உடம்பு புல்லோடு கலந்துவிடும், கழுத்து மட்டும் காட்டிக்கொடுக்கும். அது அசையாமல் நின்றால் கம்பா பறவையா என்று சந்தேகம் வரும், ஐந்து நிமிடம் பொறுங்கள்.

பறவை மேய்ந்துகொண்டே இருந்தால் தூரம் சரி. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்கள் பக்கம் பார்த்தால் நீங்கள் எல்லையில் இருக்கிறீர்கள். விலகி நடக்கத் தொடங்கினால் தாண்டிவிட்டீர்கள், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். அதைப் பறக்க வைப்பது வெறும் தொந்தரவோடு நிற்காது. கானமயிலுக்கு நேர் முன்னால் பார்வை குறைவு, உடம்பு கனம், பறக்கும்போது சட்டென்று திருப்ப முடியாது. மின்கம்பி எதிரே வந்தால் மோதிச் சாகும். இன்றைக்கு இந்த இனத்தைக் கொல்வதில் முதல் காரணம் மின்கம்பிதான். உச்ச நீதிமன்றம் 2021-இல் இந்தப் பறவைக்காகவே கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோவது பற்றி ஆணையிட்டது, 2024-இல் அதைத் திருத்தியது. வேலிக்கு வெளியே காற்றாலையையும் கம்பியையும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் பறவைக் குரல் போட்டு அழைப்பதை அறவே செய்யாதீர்கள். பார்த்த இடத்தின் சரியான அடையாளத்தோடு உடனே படத்தை வெளியிடுவதும் வேண்டாம். ஒரு காலையில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம், அதனால் இரண்டு காலைகள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மற்றதையும் பாருங்கள். சிங்காரா மான் புல்லுக்குள் அங்கங்கே நிற்கும். நரி தெரிந்தால் வால் நுனியைப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் பாலைவன நரி, கறுப்பாக இருந்தால் நம் பக்கத்திலும் உள்ள குள்ளநரி, அதாவது இந்திய நரி. கல்கௌதாரிகள் காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கூட்டமாகத் தண்ணீருக்கு வரும். குட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் கிடைக்கும். குஞ்சு இருக்கும் பருவத்தில் ஆண் பறவை வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தை அப்படியே சுமந்துபோய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். செத்த மாடு கிடக்கும் இடத்தில் பாறுக்கழுகுகள் நாலைந்து வகை ஒன்றாக இறங்குவதைத் தமிழ்நாட்டில் இப்போது சமவெளியில் காண முடியாது.

ஒரு விஷயம் டெல்டாக்காரர்களுக்கு ஒப்புக்கொள்ளக் கடினமாக இருக்கும். இந்திரா காந்தி கால்வாய் தார் பாலைக்குப் பாசனம் கொண்டுவந்தது. தண்ணீர் வந்த இடத்தில் புல்வெளி உழவு நிலமானது, கானமயிலின் இடம் சுருங்கியது. வாய்க்கால் வந்தால் எல்லாம் வாழும் என்று நம்பும் நமக்கு, வறண்ட நிலமாகவே இருக்க வேண்டிய நிலமும் உண்டு என்பதை அந்தப் புல்வெளி காட்டும். தரிசு என்று அரசுக் கணக்கில் எழுதப்படுவதில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று அங்கே நின்றால்தான் புரியும்.

மீதி நேரத்துக்கு

ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் ஆகல் கல்மரப் பூங்கா. 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அனுமதி வாங்கிய நாள் பிற்பகலில் ஒரு மணி நேரம் போதும். கைக்கு அடக்கமான துண்டு கிடந்தாலும் எடுக்கக் கூடாது. மணல்மேடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் சாமைவிடக் குரி அமைதியானது. ஜெய்சல்மேர் கடைவீதியில் சாண்டா எண்ணெய் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். முள்வால் பல்லியைக் கொன்று எடுப்பது அது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம்.

சாப்பாடு, பணம், பேச்சு

நகரத்தில் சோறு கிடைக்கும், ஊர்ப்புறத்தில் கம்பு ரொட்டி, ‘கடி’ என்ற மோர்க்குழம்பு, கேர்-சாங்கிரி என்ற கறி. சாங்கிரி என்பது வன்னிக்காய்தான். சோறில்லாமல் முடியாதவர்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துப்போகலாம். சுதாசரிப் பக்கம் கடை கிடையாது, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். குப்பை ஒரு துண்டுகூட அங்கே விழக் கூடாது, மிச்சச் சோற்றுக்குத் தெருநாய் வரும், தெருநாய் முட்டையையும் குஞ்சையும் தின்னும்.

கைபேசிச் சமிக்ஞை பல இடங்களில் இருக்காது, அதனால் ரொக்கம் வேண்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ‘ருக்கோ’ என்றால் நிறுத்து, ‘தீரே’ என்றால் மெதுவாக, ‘பீச்சே’ என்றால் பின்னால். இந்த மூன்றும் போதும், வண்டிக்குள் மெல்லச் சொன்னால் ஓட்டுநர் புரிந்துகொள்வார்.

எதற்கு எச்சரிக்கை

சுருட்டை விரியன் அங்கே நிறைய. குளிரில் குறைவாக வெளிவரும், பிப்ரவரிக் கடைசியில் கூடும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது, காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் கால் நுழைக்க வேண்டும், தேளும் உள்ளே இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து நேராக ஜெய்சல்மேர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வண்டி பழுதாகி ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். வண்டி நிழல் தரும், தண்ணீர் அதில்தான் இருக்கிறது, தேடி வருகிறவர் கண்ணுக்கும் அதுதான் படும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

திரும்பும் வழியில்

ஜோத்பூர் திரும்பும் பாதையில் பலோடி வரும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் கீச்சன் என்ற கிராமம். குர்ஜா என்று அவர்கள் அழைக்கும் சாம்பல் நிறக் கொக்கினம் மங்கோலியா வரைக்குமான தூரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து குளிர்காலம் முழுக்க அங்கே தங்கும். ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தானியம் தூவுகிறார்கள். 2025 ஜூனில் அது ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. முந்தின இரவு பலோடியில் தங்குங்கள், விடிந்ததும் தீனிக்களத்தை ஒட்டிய வீட்டு மாடியில் இடம் கேட்டு ஏறி நில்லுங்கள். முதல் கூட்டம் வெகு உயரத்தில் சத்தமிட்டுக்கொண்டே சுற்றும். அவை இறங்கி முடியும்வரை கையை அசைக்காமல், குரல் எழுப்பாமல் இருங்கள். ஒன்று மிரண்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், பிறகு இறங்க அரை மணி நேரம் ஆகும்.